ஆட்டத்தை வச்சு ஆளைப் பிடிச்சவர்

நம்ம கணபதி பட்டறைகள்ல மோட்டார் ரோட்டாரை பேலன்ஸ் பண்றதைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் எடை கூடியிருந்தா கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷாஃப்ட் ஆடியே காட்டிக் கொடுத்துடும். நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். ஆடினா, பக்கத்துல ஒரு துணை சுத்துதுன்னு அர்த்தம். அப்படி ஆட்டத்தை அளந்தவர் வைணு பாப்பு.

1927ல் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத். ஹார்வர்டுக்குப் படிக்கப் போய், 1949லேயே ஒரு வால்நட்சத்திரத்துக்குத் தன் பெயரும் சேரும்படி செய்துவிட்டார். ஆனா மனசு போனது வுல்ஃப்-ராயே நட்சத்திரங்கள் மேல. கடும் சூட்டில் தன் மேலடுக்கையே காற்றாக ஊதித் தள்ளும் ரகம் அது.

அந்த ரகத்தில் நமக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது காமா வெலோரம். பிப்ரவரி ராத்திரி பத்து, பதினோரு மணிக்குத் தெற்கே பாருங்க, தெரியும். லண்டன்ல எழவே எழாது! கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பாப்பு, கணேஷ் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, அதுவும் அதன் துணையும் ஒன்றையொன்று சுற்ற சுமார் 78.5 நாள் ஆகுதுன்னு 1967ல் வெளியிட்டார். வழி, நம்ம முதல் வருஷ பிசிக்ஸ்ல வர்ற டாப்ளர்தான். நட்சத்திரம் கிட்ட வந்தா நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகினா சிவப்புப் பக்கம். சிக்கல் என்னன்னா, ஊதித் தள்ளும் காற்று அந்தக் கோடுகளை அகலமாக்கிவிடும். நடு எது, ஓரம் எதுன்னு கண்டுபிடிக்கவே பாடுபடணும்.

சூரியன் மாதிரி சின்ன நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் உதறிவிடும் வாயுக் கூடுதான் கோள்வடிவ நெபுலா. காமா வெலோரம் அந்த வகை இல்லை, அது ராட்சசன். ஆனா சில நெபுலாக்களின் நடுவில் மிஞ்சும் நட்சத்திரத்துக்கும் வுல்ஃப்-ராயே மாதிரியே நிறமாலை. பல கூடுகள் உருண்டையா இல்லாம பட்டாம்பூச்சி மாதிரி விரியுதே, ஏன்? நடுவில் துணை இருக்குமோன்னு இன்னிக்கும் தேடுறாங்க. அங்கயும் காற்று குழப்புது, போதாக்குறைக்கு நெபுலாவின் சொந்த வெளிச்சம் வேற.

இதுக்கெல்லாம் தெற்கு வானமும் தெரியுற இடத்துல பெரிய தொலைநோக்கி வேணும். பாப்பு தேர்ந்தெடுத்தது வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1968ல் இங்கேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி, 1972ல் ஜெர்மனியிலிருந்து வந்த 1 மீட்டர். அது போதலை அவருக்கு. 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யணும்னு இறங்கினார்.

முடிவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19ல் மியூனிக்கில் இறந்தார், வயது 55. 1986ல் காவலூர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.