திரைக்குச் சென்று திரும்பிய பேனா: சரதிந்து பந்தோபாத்யாய

துப்பறியும் கதை இலக்கியத்தின் புறவாசலில் நிற்க வேண்டியது என்னும் எண்ணம் நம் நாட்டு மொழிகள் பலவற்றில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. திரைக்கதை எழுதுவோர்க்கோ அந்தப் புறவாசலிலும் இடமில்லை. இவ்விரு துறைகளிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டும் வங்க உரைநடையின் முதல்வரிசையில் வைத்து மதிக்கப்பெறுபவர் சரதிந்து பந்தோபாத்யாய. பிழைப்புக்காகப் பேனாவை வாடகைக்குக் கொடுத்த ஒருவர் அதை எவ்வாறு மீட்டுக்கொண்டார் என்பதே அவர் வாழ்க்கை சொல்லும் கதை.

1899 மார்ச் 30ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூரில் அவர் பிறந்தார். தந்தையார் பீகாரின் முங்கேரில் வழக்கறிஞர். ஆதலால் இளமை அங்கே கழிந்தது. கல்லூரிப் படிப்புக்காகக் கல்கத்தா வந்தார். இருபது வயதளவில் அவர் வெளியிட்ட முதல் நூல் ஒரு கவிதைத் தொகுப்பு என்பது கவிஞர்களாகிய நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி. பிறகு பாட்னாவில் சட்டம் பயின்று, முங்கேரில் சில காலம் வழக்காடினார். 1929இல் அத்தொழிலைக் கைவிட்டு எழுத்தையே நம்பத் துணிந்தார்.

1932இல் 'பதேர் காண்டா' என்னும் கதையில் பியோம்கேஷ் பக்ஷி பிறந்தான். நடுத்தெருவில், பட்டப்பகலில், கிராமபோன் ஊசி பாய்ந்து மனிதர்கள் செத்து விழும் கதை அது. அரண்மனைச் சதியும் மாயக் குகையும் அதில் இல்லை. டிராம் ஓடும் கல்கத்தாவே களம். தன் நாயகனைத் துப்பறிவாளன் என்று அழைப்பதைச் சரதிந்து விரும்பவில்லை. சத்தியான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவன், என்று பெயரிட்டார். சொல் மாற்றமாகத் தோன்றினும் இது நோக்கின் மாற்றமே. குற்றவாளியைப் பிடிப்பது ஒன்று. குற்றம் எங்கிருந்து முளைத்தது என்று தேடுவது வேறொன்று. ஆங்கிலேயத் துப்பறிவாளர்களைப் போல இவன் தனியனும் அல்லன். ஒரு வழக்கினிடையே சத்தியவதியைச் சந்தித்து மணம் புரிந்துகொள்கிறான். அவனுடைய வழக்குகளை எழுதி வைப்பவன் நண்பன் அஜித். 1936க்குள் இத்தகைய பத்துக் கதைகள் வெளிவந்தன. அதன்பின் பியோம்கேஷ் மௌனமானான்.

1938இல் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தின் ஹிமான்ஷு ராய் அழைப்பு விடுத்தார். எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவரால் மாதச் சம்பளத்தை எளிதில் மறுக்க இயலாது. சரதிந்து பம்பாய் சென்றார். அதே ஆண்டில் வெளியான 'பாபி' அவருடைய நாவலொன்றைத் தழுவியது. ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர் இயக்கிய அப்படத்தின் இந்தி உரையாடலை எழுதியவர் ஜே. எஸ். கஷ்யப். வங்கத்தில் சொல்லின் செல்வராக இருந்தவரின் கதை, வேறொருவர் சொற்களைத் தாங்கித் திரையில் நடந்தது. ஆஸ்டன் 1939இல் போர் மூண்டபோது ஆங்கிலேய அரசால் சிறைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டே ஹிமான்ஷு ராயும் மறைந்தார். ஆயினும் சரதிந்து பம்பாயிலேயே திரைத்தொழிலில் தொடர்ந்தார்.

அந்தப் பதினான்கு ஆண்டுகளை வீண் என்று தள்ளிவிட இயலுமா? பம்பாய்க்குப் புறப்படுமுன் தொடங்கிய 'காலேர் மந்திரா' என்னும் வரலாற்று நாவலை முடிக்க அவருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. இழப்பு மெய்யானதே. எனினும் காட்சியை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, ஒரு பாத்திரத்தின் உள்ளத்தை வருணனையின்றி அவன் செயலாலேயே எப்படிக் காட்டுவது என்பவை திரைக்கதை நாள்தோறும் கேட்கும் பாடங்கள். பிற்காலக் கதைகளின் சொற்சிக்கனத்தில் அப்பயிற்சியின் தடம் தெரிகிறது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், இளம் வாசகர்களின் வற்புறுத்தலால் 'சித்ரசோர்' கதையில் பியோம்கேஷ் மீண்டும் எழுந்தான். 1952இல் சரதிந்து திரையுலகை விட்டு விலகிப் புனேயில் குடியமர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உறுதியான வருமானத்தை உதறிவிட்டு, தம் மொழி பேசாத ஊரில் அமர்ந்து, தம் மொழியை மட்டுமே நம்பி வாழ்வது என்பது அவ்வயதில் எளிய முடிவன்று.

அம்முடிவு பழுதாகவில்லை. 'துர்க ரகசிய', 'சிடியாகானா' போன்ற நெடுங்கதைகள் அடுத்தடுத்து வந்தன. 'ஆதிம் ரிபு' கதை 1946இன் கலவரக் கல்கத்தாவில் தொடங்கி, விடுதலை பிறக்கும் விடியலில் முடிகிறது. அங்கே பியோம்கேஷ் குற்றவாளியைச் சட்டத்திடம் ஒப்படைக்கவில்லை, கள்ளப்பணத்தை எரித்துவிடுகிறான். சட்டமும் அறமும் எப்போதும் ஒன்றல்ல என்று, வழக்கறிஞராக இருந்த ஒருவர் எழுதியது சிந்திக்கத்தக்கது. துப்பறியும் கதை புதிர் விடுவிப்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரு சமுதாயத்தின் மனச்சாட்சியை விசாரிக்கவும் கூடும் என்பதை அவர் இவ்வாறு நிறுவினார்.

வரலாற்றுப் புனைவிலும் அவர் கை ஓங்கியே இருந்தது. விஜயநகரப் பேரரசைக் களமாகக் கொண்ட 'துங்கபத்ரார் தீரே' நாவலுக்கு 1967இல் மேற்கு வங்கத்தின் ரவீந்திர பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சத்யஜித் ராய் 'சிடியாகானா'வைப் படமாக்க, உத்தம்குமார் பியோம்கேஷாக நடித்தார். எந்தத் திரையை விட்டு வந்தாரோ அந்தத் திரை, இப்போது அவர் எழுத்தைத் தேடி வந்தது.

1970 செப்டம்பர் 22ஆம் நாள் சரதிந்து மறைந்தார். முற்றுப்பெற்ற பியோம்கேஷ் கதைகள் முப்பத்திரண்டு. 'பிசுபால் பத' என்னும் முப்பத்து மூன்றாவது பாதியில் நின்றது. 1993இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய தூர்தர்ஷன் தொடர் வாயிலாக, வங்கமறியாத இல்லங்களிலும் பியோம்கேஷ் அறிமுகமானான்.

முங்கேர், பம்பாய், புனே எனத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வங்கத்துக்கு வெளியே கழித்தவர் அவர். ஆயினும் கல்கத்தாவின் விடுதி அறைகளையும் தெருமுனைகளையும் அவரளவுக்கு உயிரோடு நிறுத்தியோர் சிலரே. கவிதையில் தொடங்கி, வழக்கு மன்றத்தையும் படநிறுவனத்தையும் கடந்து, பலர் தாழ்வாகக் கருதிய ஒரு வகையை அவர் தேர்ந்தெடுத்து உயர்த்தினார். எழுத்தில் தாழ்ந்த வகை என்று ஒன்றில்லை. தாழ்வாக எழுதப்பட்டவை மட்டுமே உண்டு என்பதற்கு அம்முப்பத்திரண்டு கதைகளும் சான்று பகரும்.