அங்கி களைந்த அடிகளார்

யாழ்ப்பாணத்தை 1658 ஆம் ஆண்டு கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருமாருக்குப் புகலிடமளிப்போருக்கு மரணதண்டனை என அறிவித்தனர். கத்தோலிக்க ஆலயங்கள் அவர்களது சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாயின. அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றுப் பெயர் பதிந்தோருக்கே அரச உத்தியோகம் எட்டியது. ஆகவே ஏடுகளில் கிறிஸ்தவர் தொகை பெருகிற்று. ஞாயிறு பிரசங்கம் கேட்டு வீடு திரும்பியதும் திருநீறு பூசியோரும் இருந்தனர், ஒளித்து வைத்த செபமாலையை எடுத்தோரும் இருந்தனர். அம்மக்களைக் குறைகூற நாம் துணியோம். பிழைப்பும் முதுசமும் பதிவேட்டைச் சார்ந்திருந்த காலம் அது.

இந்நிலையிலேயே 1687 இல் யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1651 இல் கோவாவில் பிராமண மரபுக் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்து 1676 இல் குருவானவர் அவர். ஆயினும் வந்தபோது அவருடலில் அங்கி இல்லை. கந்தல் உடுத்து, வயிற்றோட்டத்தால் நலிந்து, கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்பதைக் கவனித்தே தம்மவரை இனங்கண்டார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்தது. பூசைகள் இரவில் நடந்தன. பதிவேட்டினர் மெய்க்கோலத்துள் பொய்யை மறைத்தனர் என்றால், இவர் பொய்க்கோலத்துள் மெய்யை மறைத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

1692 இல் கண்டி சென்றவரைப் போர்த்துக்கேய உளவாளியெனச் சந்தேகித்துச் சிறையிட்டனர். பின்னர் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குப் பாதுகாவலனானான். 1697 இல் பெரியம்மை பரவியபோது மன்னனும் செல்வரும் நகரை நீங்கினர்; நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். அடிகளாரோ குடிசைகள் அமைத்து, அவர்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளி எச்சமயத்தவர் என்று அவர் கேட்கவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் இத்தீவிலேயே உழைத்து, 1711 ஜனவரி 16 இல் கண்டியிற் காலமானார்.

2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். ஆலயங்களில் நாம் காணும் படங்களில் அவர் கறுப்பு அங்கியுடன் நிற்கிறார். யாழ்ப்பாணத் தெருக்களில் அக்கோலத்தில் அவரை எவரும் கண்டதில்லை.