குங்குலியக்கலய நாயனார்

அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்கடவூரிலே, 7ஆம் நூற்றாண்டில், அந்தணர் மரபில் விளங்கியவர் கலயர். இறைவன் திருமுன் நாள்தோறும் குங்குலியத் தூபம் இடுதலே அவர்தம் திருத்தொண்டு. வறுமை வந்தெய்த, நிலத்தை விற்றார், அடிமைகளையும் விற்றார், தொண்டினை மட்டும் விட்டாரல்லர்.

மக்களும் சுற்றத்தாரும் பசியால் வாடக் கண்ட மனைவியார், எஞ்சியிருந்த தம் திருத்தாலியைக் கழற்றி, நெல் கொண்டு வருமாறு கொடுத்தனர். வழியிலே குங்குலியப் பொதியுடன் வணிகன் ஒருவன் எதிர்ப்பட்டான். கலயர் தாலியை ஈந்து பொதியைப் பெற்றுத் திருக்கோயிற் பண்டாரத்திற் சேர்த்து, அங்கேயே தங்கிவிட்டார். மனையிலோ மக்கள் பசியோடு உறங்கினர். அவ்விரவே இறைவன் ஆணையாற் குபேரன் அம்மனையைப் பொன்னாலும் நெல்லாலும் நிறைத்தான். வந்த செல்வத்தையும் நாயனார் தமக்கு அரணாகக் கொண்டிலர். அடியார்க்கு அமுதூட்டவே செலவிட்டார்.

பின்னர்த் திருப்பனந்தாளிற் சாய்ந்திருந்த சிவலிங்கத் திருமேனியைச் சோழ மன்னனின் யானைகளும் நிமிர்த்தமாட்டாவாயின. நாயனார் கயிற்றைத் தம் கழுத்திற் பூட்டி ஈர்த்தார், திருமேனி நிமிர்ந்தது. அப்பொழுது அவர்பால் இருந்தது அன்பொன்றே. இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்தருளினார். ஆவணி மூலம் நாயனாரின் குருபூசைத் திருநாள்.

இத்திருக்குடமுழுக்கிற்குப் பொருள் உவந்தளித்த அன்பர்காள்! ஈந்தமையாற் குறைந்தோம் என்று எண்ணற்க. பெட்டகத்துப் பொன் திருடர்க்கும் காலத்துக்கும் அஞ்சும். இறைவன் திருவடியைப் பற்றியவர்க்கு அவ்வச்சம் இல்லை.