முற்றத்தைப் பள்ளியாக்கிய தாராபாய் மோடக்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் அங்கன்வாடி மையங்களை நாள்தோறும் கடந்து செல்கிறோம். முற்றத்துப் பள்ளி என்னும் பொருளுடைய அப்பெயருக்குப் பின்னே நிற்பவர் தாராபாய் மோடக் அம்மையார்.

1892இல் மும்பையில் பிறந்தார்; 1914இல் பட்டம் பெற்றார். ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர், அப்பதவியைத் துறந்து, பாவநகரில் கிஜுபாய் பதேக்கா நடத்திய குழந்தைப் பள்ளியில் சேர்ந்தார். மாண்டிசோரி அம்மையாரின் முறை இருவரையும் ஈர்த்தது. ஆயினும் அதற்குரிய கருவிகள் ஏழைச் சிற்றூர்களுக்கு எட்டாத விலையின.

1945இல், மும்பைக்கு வடக்கே போர்டி என்னும் கடற்கரை ஊரில் பள்ளி தொடங்கினார். தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான மக்களின் பிள்ளைகள் அங்கு வரவில்லை. அம்மையார் பெற்றோரைக் குறை கூறவில்லை. பள்ளியையே அவர்தம் குடியிருப்புக்குக் கொண்டு சென்றார். வீட்டு முற்றம் வகுப்பறையாயிற்று. கிளிஞ்சல், விதை, கூழாங்கல், இலை ஆகியவை எண்ணவும் வகைப்படுத்தவும் உதவின. உடல் தூய்மையும் பாடமாயிற்று. உடனுழைத்தவர் அனுதாய் வாக். 1957 முதல் இப்பணி கோஸ்பாட் குன்றின் பழங்குடிக் குழந்தைகளிடையே தொடர்ந்தது.

1962இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1973இல் மறைந்தார். ஈராண்டுக்குப் பின், 1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களும் அங்கன்வாடி என்றே பெயர் பெற்றன.

பூவிருந்தவல்லியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்து மழலையரை அமர்த்தி, புளியங்கொட்டையும் சோழியும் கொண்டு எண் கற்பிக்க நம் இல்லத்தார் எவரேனும் முன்வரின், அதுவும் அம்மையார் நடந்த வழியே ஆகும்.