வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சம்பளம்



புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கைவிளக்கேந்திய காரிகைதான் நம் நினைவுக்கு வருவார். நோயாளிகளின் புண்ணை மட்டுமல்ல, அவர்களின் வீட்டுக் கவலையையும் அவர் கவனித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பர் 4 அன்று, 38 செவிலியரோடு அவர் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரில் இருக்கிறது அந்த இடம். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். உடன் வந்தவர்களில் 10 பேர் கத்தோலிக்க அருள்சகோதரிகள். அவர்களுள் பெர்மான்ட்ஸி மடத்துத் தலைவி அன்னை மேரி கிளேர் மூரைத் தம்மைவிடத் தகுதியானவராகவே அவர் மதித்தார்.

படையோடு வந்திருந்த சில வீரர்களின் மனைவியர், கவனிப்பாரின்றி மருத்துவமனையின் இருண்ட நிலவறைகளில் கிடந்தனர். நைட்டிங்கேல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சலவைக்கூடம் அமைத்து, அவர்களுக்கு அங்கே வேலை கொடுத்தார். கணவனிடமிருந்து தகவலே இல்லை என்று ஊரிலிருந்து எழுதிய பெண்களுக்கு விசாரித்துப் பதில் எழுதினார். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அவரே கடிதம் எழுதினார்.

வீரர்கள் சம்பளத்தைக் குடித்தே அழித்தனர். அது அவர்கள் பிறவிக்குணம் என்பது அதிகாரிகள் பலரின் எண்ணம். நைட்டிங்கேலுக்கோ வேறொன்று தெரிந்தது: பணத்தை ஊருக்கு அனுப்ப அவர்களுக்கு எளிதான, நம்பிக்கையான வழி இல்லை. எனவே மாதத்தில் நான்கு பிற்பகல்கள் தாமே உட்கார்ந்து பணம் வாங்கினார். இருபது ஷில்லிங், முப்பது ஷில்லிங் என்று சிறு சிறு தொகைகள்தான். ஆனால் மாதம் சுமார் 1,000 பவுண்டு சேர்ந்தது! இங்கிலாந்திலிருந்த அவருடைய உறவினர் ஒருவர் அதை மணியார்டராக்கி வீடுகளுக்கு அனுப்பிவைத்தார்.

இதை அரசே செய்ய வேண்டும் என்று அவர் விக்டோரியா அரசிக்கு எழுதினார். சாதாரணச் சிப்பாய் வீட்டுக்குப் பணம் அனுப்புவான் என்பதைப் போர் அமைச்சர் பான்மியூர் பிரபு நம்பவில்லை. ஆயினும் 1856 ஜனவரியில் ஸ்குட்டாரி, பாலக்லாவா உள்ளிட்ட இடங்களில் பண அஞ்சல் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. ஆறே மாதத்தில் 71,000 பவுண்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் ஸ்குட்டாரியின் தளபதியாகப் பொறுப்பேற்ற சர் ஹென்றி ஸ்டோர்க்ஸ், அவருக்குத் தடை போடாமல் துணை நின்றார். சாராயக் கடைகளை மூடினார். வாசகசாலைகள், காப்பிக்கடை, வகுப்புகள் நடக்க உதவினார். எழுத உட்காரும் இடம் கிடைத்ததும் வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினர். மேலிருப்பவர் ஒருவர் மனம் வைத்தால் எத்தனை மாறுகிறது பாருங்கள்.

அன்னை கிளேர் 1856இல் நோயுற்று நாடு திரும்பினார். 1874இல் அவர் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. நைட்டிங்கேல் 1910 ஆகஸ்ட் 13 அன்று தம் 90ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, அவர் விருப்பப்படி குடும்பத்தார் அதை மறுத்து, ஈஸ்ட் வெல்லோ கிராமத்தில் அடக்கம் செய்தனர். அவருடைய பெட்டியைத் தூக்கிச் சென்றவர்கள் ஆறு இராணுவ சார்ஜெண்டுகள்.