ஆர்ஸ் மக்கள் வழிமறித்த பங்குத்தந்தை

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகருக்கு வடக்கே, குளங்கள் நிறைந்த தோம்ப் பகுதியில் உள்ள சிற்றூர் ஆர்ஸ். 1818 பிப்ரவரியில் புனித ஜான் மரிய வியான்னி அங்கே பணிக்கு வந்தபோது ஊரில் இருந்தவர்கள் ஏறக்குறைய 230 பேர். பிரெஞ்சுப் புரட்சியின் காலத்தில் விசுவாசம் தளர்ந்திருந்தது. ஞாயிறு திருப்பலியைவிட வயல் வேலையும் மதுக்கடையும் நடனமுமே பலருக்குப் பெரிதாக இருந்தன.

குருமடத்தில் லத்தீன் மொழி வராமல் தடுமாறிய அவர், 1815-இல் 29-ஆம் வயதில் குருவானார். ஆர்ஸில் வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்தித்தார். 1824-இல் ஏழைச் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். பின்னாளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் தேடி வர, கோடையில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை ஒப்புரவு அருட்சாதனம் வழங்கினார்.

அவரே அந்த ஊரைவிட்டுப் போக முயன்றார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பங்குப் பணிக்குத் தாம் தகுதியற்றவர் என்று கலங்கி, தனிமையில் செபிக்க ஏங்கினார். 1843-இல் பிறந்த ஊரான தார்தியிக்குச் சென்று, சில நாட்களில் திரும்பினார். 1853-இல் இரவோடு இரவாகப் புறப்பட்டவரை மக்கள் வழிமறித்தனர். அவர் மீண்டும் ஒப்புரவு வழங்க அமர்ந்தார். 1859 ஆகஸ்ட் 4 அன்று ஆர்ஸிலேயே இறந்தார். 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம் குடும்பத்தையும் கடமையையும் விட்டு ஓடத் தோன்றும் நாட்கள் நமக்கும் வருகின்றன. கலக்கம் பாவமல்ல; திரும்பி வருவதே புனிதம். அன்று நம்மை வழிமறிப்பவர்கள் வழியாக இறைவன் அழைக்கலாம்.