காவிரிப் படுகை எரிவாயு: அரியலூர் பாறைக்குப் பெயர் வைத்த பிளான்ஃபோர்டு யார்?

காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயு பற்றிய ஆய்வறிக்கைகளைப் புரட்டினால் அரியலூர், ஊட்டத்தூர் என்று பாறைகளுக்கு நம்ம ஊர்ப் பெயர்கள் வரும். அந்தப் பெயர்களை வைத்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு.

1834ல் லண்டனில் பிறந்தவர். அங்கே சுரங்கக் கல்லூரியிலும், பிறகு ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கிலும் படித்தார். 1855ல் அண்ணன் வில்லியமும் இவரும் ஒன்றாக இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வந்தார்கள். முதல் வேலை ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி வயலில். அங்கே கிடந்த உருண்டைப் பாறைகளை வைத்து, ஒருகாலத்தில் இந்த வெயில் பூமியில் பனிக்கட்டி இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

அடுத்து அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம். இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அதற்குள்தான் இருந்தன. கடலே இல்லாத இந்த ஊர்களில் கடல் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடப்பது 1840களிலேயே தெரிந்திருந்தது. எது எந்த அடுக்கைச் சேர்ந்தது, எந்த அடுக்கு பழையது என்பதில்தான் தெளிவில்லை. பிளான்ஃபோர்டு அதை வரைபடமாக்கினார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சி, மேலே அரியலூர் என மூன்று தொகுதிகள். 1862ல் அறிக்கை வந்தது. 160 வருஷம் தாண்டியும் இந்த மூன்று பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

சரி, எரிவாயுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காரை, ஊட்டத்தூர் பக்கம் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளின் தொடர்ச்சி, கிழக்கே போகப் போக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. டெல்டாவுக்கு அடியில் அது வெகு ஆழத்தில் கிடக்கிறது. அங்கே துளை போட கோடிக்கணக்கில் செலவாகும். இங்கேயோ ஒரு ஓடைக்கரையில் நின்றாலே பாறையைப் பார்த்துவிடலாம். எண்ணெய்த் துறை புவியியலாளர்கள் அரியலூருக்கு வருவது அதனால்தான். ஆழத்தில் இருக்கும் ஒரு பாறை அடுக்குக்கு ஆண்டிமடம் என்றே பெயர்.

உடல்நலம் கெட்டதால் 1862ல் பிளான்ஃபோர்டு அந்த வேலையை விட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். 1864 கல்கத்தா புயல் அவரை வானத்தின் பக்கம் திருப்பியது. 1875ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் இவரே. அடுத்த வருஷமே சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கி, லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மழை பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி இவர் தலையில் விழுந்தது. இமயமலையில் பனி அதிகமானால் பருவமழை குறையும் என்று கணித்து, 1886ல் முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். 1893ல் இறந்தார்.

அவர் பெயர் வைத்த மண்ணில் விவாதம் ஓயவில்லை. 2021ல் அரியலூர் மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி அனுமதி கேட்டது. மாநில அரசு நிராகரித்தது. ஆனால் 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அரியலூர் சேர்க்கப்படவில்லை. சட்டம் டெல்டாவுக்குக் கொடுத்த பாதுகாப்பு இந்த விவசாயிகளுக்குக் கிடைக்கவில்லை என்பது கொஞ்சம் விசித்திரம்தான். இன்னொரு பக்கம், 2019 முதல் எண்ணூர் முனையத்தில் மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய வெளிநாட்டு எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது.